கொழுப்பு உருண்டையில போற ஜீன்

கேள்வி: அழகப்பா யுனிவர்சிட்டியில பயோடெக் படிக்கிற பேத்தி, வைரஸே வேணாம், நானோ துகள்ல ஜீனை ஏத்தி செல்லுக்குள்ள அனுப்பிடலாம்ங்கிறா. நமக்குப் போட்ட கோவிட் ஊசியும் அதானாமே, நெசமா தம்பி?
- ஒரு ஆச்சி, தேவகோட்டை

பதில்: பாதி நெசம் ஆச்சி. நம்ம பக்கம் முக்காவாசிப் பேர் போட்டுக்கிட்ட கோவிஷீல்டு வேற, அதுல ஜீனைத் தூக்கிட்டு வந்தது பெருகாதபடி மாத்துன ஒரு அடினோவைரஸ் (சளி பிடிக்க வைக்கிற வைரஸ் வகை). பேத்தி சொல்றது ஃபைசர், மாடர்னா ஊசிங்க. கிட்டத்தட்ட 100 நானோமீட்டர் கொழுப்பு உருண்டை, பூரணக் கொழுக்கட்டையாட்டம் உள்ள எம்ஆர்என்ஏ (முழு ஜீன் இல்ல, அதோட நகல்னு வச்சுக்குங்க). செல் அதை ஒரு சின்னப் பையில போட்டு முழுங்கும், பைக்குள்ள அமிலம் ஏற ஏற கொழுப்புக்கு பாசிட்டிவ் சார்ஜ் வந்து பையைக் கிழிச்சுக்கிட்டு சரக்கு வெளிய வரணும், ஆனா கொஞ்சூண்டுதான் தப்பிக்கும், மிச்சமெல்லாம் செரிச்சுப் போயிடும், ஆராய்ச்சிக்காரங்க முட்டிக்கிட்டு நிக்கிறது இங்கதான். ரத்தத்துல ஏத்துனா பெரும்பாலும் ஈரலுக்கே போயிடும்ங்கிறது இன்னொரு வம்பு. சில நேரம் அதுவே சௌகரியம்! 2025ல பிலடெல்பியாவுல ஈரல் நொதிக் கோளாறோட பொறந்த குழந்தைக்கு ஜீனைத் திருத்துற மருந்தை இப்படித்தான் கொடுத்தாங்க, அதுவும் 3 தடவை. வைரஸ்ல ஏத்தியிருந்தா ரெண்டாவது தடவையே உடம்பு மல்லுக்கு நிக்கும்.