மாம்பலம் ஏரியும் ஒரு நகல் படமும்

அன்புள்ள ஐயா,

பழைய மதராஸ் வரைபடத்தின் நகல் ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு அதில் ஏரிக்குள் வருகிறது! "நகல்தானேப்பா, அழகுக்கு இருக்கட்டும்" என்கிறான் மகன். ஊர் வரலாற்றுக்கு இதை நம்பலாமா?

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

ஏரியை நம்பலாம். நுங்கம்பாக்கத்திலிருந்து அடையாற்றுப் பக்கம் வரை நீண்டு கிடந்த அதை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா. உங்கள் பக்கம் லேக் வியூ ரோடு. தண்ணீர் போனாலும் பெயர்ப்பலகைகள் ஏரியை விடவில்லை.

வீடு ஏரிக்குள் இருந்ததா என்பது வேறு கேள்வி. அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த படமென்றால், அதில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். வீட்டைக் குறிக்க வைத்த பென்சில் புள்ளியே அக்கம்பக்கத்தையும் விழுங்கிவிடும். ஏரியில் அசையாதது கட்டிய கரை மட்டும்தான். தண்ணீரின் மறு விளிம்பு மழைக்குத் தக்கபடி ஏறி இறங்கும். படத்தில் ஒரே கோடு.

நகலில் இன்னொரு வம்பு உண்டு. "அங்குலத்துக்கு ஒரு மைல்" என்று அச்சிட்டிருந்ததை நம்பி, ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு கோயில்களுக்கு நடுவே இருந்த தூரத்தைப் பாதியாக்கி ஒரு கட்டுரையே எழுதியவன் நான். படத்தைச் சுருக்கி அச்சடித்திருந்தார்கள், எழுத்து மட்டும் பழையபடியே. அப்புறம்தான், ஒரு மைல் எவ்வளவு நீளம் என்று காட்டக் கீழே வரைந்திருக்கும் அளவுகோட்டைப் பார்க்கும் பழக்கம் வந்தது. படம் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும். நிலத்தை அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறாக இருக்கலாம், அதையும் பாருங்கள்.

பட்டா விவகாரத்துக்கெல்லாம் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்கு எஃப்.எம்.பி. என்கிற அரசு நில அளவைப் படம் இருக்கிறது.

சரி, மகனுக்கு வருவோம். இன்று ஹைகோர்ட் நிற்கும் இடத்தில்தான், இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1750களில் ஆங்கிலேயர்கள் அதை இடித்துத் தள்ளிவிட்டார்கள். அந்தத் தெருக்களைப் பார்க்க, அதற்கு முன்பு தாமஸ் பிட் மதராஸ் கவர்னராக இருந்த காலத்துப் படம் போன்றவைதான் கதி. அந்தப் படத்தை நான் பார்த்ததும் நகலில்தான்.

உங்கள் படத்தில் அளவுகோடு தெரியவில்லை என்றால் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஓரத்தை மடித்துவிடுகிறார்கள்.