அம்மா விழுந்தால் யார் ஓடி வருவார்?

கேள்வி: நான் கணவருடன் கட்டாரில் வேலை செய்கிறேன். 76 வயதான அம்மா ஆரையம்பதியில், எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டில் தனியே இருக்கிறார். கடந்த மார்கழியில் விடியப்புறம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டு அக்கா வந்து காணும்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஈரத்திலேயே கிடந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. விழுந்தால் தானாகவே தகவல் கொடுக்கும் கைக்கடிகாரம் வாங்கி அனுப்பலாமா, அல்லது வீட்டுக்குள் கமரா பூட்டலாமா? அம்மா இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.
– ஒரு வாசகி, தோஹா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அம்மா ஈரத்தில் கிடந்த அந்த இரண்டு மணி நேரத்திலிருந்தே தொடங்குகிறேன். ஏனெனில் நீங்கள் வாங்க நினைக்கும் கடிகாரத்தால் மாற்றக்கூடியது அதை மட்டுந்தான். அது அம்மாவை விழாமல் தாங்கிக்கொள்ளாது. விழுந்தபின் தரையில் கிடக்கும் நேரத்தையே குறைக்கும். ஆயினும் அதைச் சிறிய உதவியென்று எண்ண வேண்டாம். வயதானவர் எழும்ப முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தாலே உடலில் நீர் வற்றத் தொடங்கும், அழுந்திய இடத்தில் புண் வரலாம், நசிந்த தசையிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பொருட்கள் சிறுநீரகத்தைத் தாக்கவும் கூடும். எலும்பு முறியாத விழுகையும் சிலவேளை உயிருக்கு உலை வைப்பது இதனால்தான்.

கடிகாரத்துக்குள் இருக்கும், அசைவின் வேக மாற்றத்தை அளக்கும் முடுக்கமானி, கை சட்டெனக் கீழே போவதையும், தரையில் மோதும் அதிர்வையும், அதற்குப் பின் அசைவு இல்லாததையும் சேர்த்துப் பார்த்தே ஒருவர் விழுந்துவிட்டாரென முடிவு செய்கிறது. அப்பிள் நிறுவனம் 2018இல் இந்த வசதியைத் தன் கடிகாரத்தில் சேர்த்தது. அணிந்தவர் ஏறத்தாழ ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் அது தானாகவே அவசர அழைப்பை எடுக்கும். ஆனால் கட்டில் விளிம்பிலிருந்து மெல்லச் சறுக்கி நிலத்தில் அமர்ந்துவிடுகிறவரை இத்தகைய கருவி கவனிக்காமல் விடலாம். அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. பல கடிகாரங்கள் தாமாக அழைப்பு எடுப்பதில்லை. புளூடூத் மூலம் பக்கத்திலுள்ள கைபேசியைக் கொண்டே எடுக்கின்றன. அம்மாவின் கைபேசி குசினி யன்னலோரம் சார்ஜில் கிடக்க, அவர் பின்வளவுக் கிணற்றடியில் விழுந்தாரென்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இரண்டு சுவர்களும் பத்து மீற்றருக்கு மேற்பட்ட தூரமும் இருந்தால், விழுந்ததைக் கடிகாரம் அறிந்தாலும் அந்தச் செய்தி வளவைத் தாண்டாது. ஆகவே வாங்குவதாயின், தனக்கென்று சிம் அட்டை போடக்கூடியதும், ஈரம் பட்டாலும் பழுதாகாததுமான கடிகாரத்தையோ, கழுத்தில் தொங்கவிட்டு ஆபத்தில் பொத்தானை அழுத்தி உதவிக்கு அழைக்கும் பதக்கத்தையோ தேடுங்கள். அதை இரவில் கழற்றிச் சார்ஜில் போடவே கூடாது. சலம் கழிக்க எழும்பும் அந்த இருட்டு நேரத்தில்தான் அது கையில் இருக்க வேண்டும். பின்னேரம் தொலைக்காட்சி பார்க்கும்போது சார்ஜ் போடும்படி பழக்கிவிடுங்கள்.

அடுத்து, அந்த அழைப்பு யாருக்குப் போக வேண்டும் என்பது. உங்களுக்குப் போகட்டும் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள்; மகளின் மனம் அப்படித்தான் நினைக்கும். ஆனால் ஆரையம்பதியில் அதிகாலை 4.30 மணியாகும்போது தோஹாவில் 2 மணி. நித்திரையிலிருந்து பதறி எழும்பி அங்கிருந்தபடியே 1990 என்று அழுத்தினாலும் இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கிடைக்காது. அந்த இலக்கத்தை ஊரில் இருக்கும் ஒருவரே அழைக்க வேண்டும். எனவே முதல் இலக்கம் பக்கத்து வீட்டு அக்காவினுடையதாகவும், இரண்டாவது நடந்து வரும் தூரத்திலுள்ள இன்னோர் உறவினருடையதாகவும், மூன்றாவது உங்களுடையதாகவும் இருக்கட்டும். இந்த இருவரும் மனமாரச் சம்மதித்த பிறகு கடிகாரத்துக்குப் பணம் செலவழியுங்கள். அதற்கு முன் வேண்டாம்.

அம்மா விரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வயோதிபப் பிடிவாதம் என்று ஒதுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். என் பெரியம்மாவுக்கு மகன் அனுப்பிய பதக்கம் ஒரு வருடமாகச் சாமிப்படத்து ஆணியில் தொங்கியது, கேட்டபோது, “மாட்டுக்கு மணி கட்டின மாதிரி என்னைத் திரியச் சொல்லுறியா மகள்?” என்றார். நான் அன்றைக்கு வாயடைத்துப் போனேன். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 90 வயதைக் கடந்தவர்களிடம் செய்யப்பட்டு 2008இல் வெளியான ஓர் ஆய்வில், அழைப்புக் கருவி இருந்தும் தனியே விழுந்தவர்களில் பெரும்பாலானோர் அதை அழுத்தவில்லை என்று தெரியவந்தது. பிறருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்ற எண்ணமும், விழுந்ததை வெளியே சொல்லக் கூச்சமும் நம் தாய்மாருக்கும் உண்டு. 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார் என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். பின்பு கடிகாரமா பதக்கமா என்பதை அவரே தெரிவு செய்யட்டும்.

கமரா வேண்டாம் என்பதே என் கருத்து. விழக்கூடிய இடங்களாகிய கிணற்றடியிலும் குளிக்கும் அறையிலும் படுக்கும் அறையிலும் அதைப் பூட்டுவது அம்மாவின் மானத்தைத் தொடும். வாசலிலும் விறாந்தையிலும் பூட்டுவதால் பெரிய பயனில்லை. மாரியில் மின்சாரம் நின்றால் இணையமும் நின்றுவிடும்.

விழாமல் தடுப்பதற்கும் சில மின்னணுப் பொருட்கள் உதவும், அவை மலிவானவையும் கூட. ஆள் அசைந்தவுடன் தானாக எரியும் பற்றரி விளக்குகளைக் கட்டிலருகிலும் மலசலகூடத்துக்குப் போகும் வழியிலும் ஒட்டிவிடுங்கள். இரத்த அழுத்தம் பார்க்கும் மின்னணுக் கருவி ஒன்றையும் வாங்குங்கள்: அம்மா ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒரு தடவையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் அளந்து, அக்காவை அருகில் நிற்கச் சொல்லி எழுதிவைக்க வேண்டும். எழுந்தபின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அந்தத் தாளையும் அம்மா எடுக்கும் எல்லாக் குளிசைகளையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பிரஷர் குளிசையோ நித்திரைக் குளிசையோ தலைசுற்றுக்குக் காரணமாக இருக்கலாம். நீங்களாக எந்தக் குளிசையையும் நிறுத்த வேண்டாம். காலின் பலத்தைக் கைபேசியின் நேரமானியாலேயே பார்க்கலாம். கதிரையிலிருந்து எழுந்து, மூன்று மீற்றர் நடந்து, திரும்பி வந்து இருப்பதற்கு 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் அபாயம் உண்டு என்று கொள்ளப்படுகிறது. அப்படியாயின் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) பயிற்சி கேட்டுப் பெற்று, அதை நீங்கள் தினமும் காணொளி அழைப்பில் அம்மாவோடு சேர்ந்து செய்யலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சிமுறை, காலுக்குப் பலமும் உடலுக்குச் சமநிலையும் கூட்டி, விழுகைகளை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்ததாக அதன் ஆய்வுகள் காட்டின. கிணற்றடிச் சீமெந்தில் படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவ ஆள் பிடிப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. அதை இந்த வாரமே செய்வியுங்கள்.

விடுமுறையில் வரும்போது ஒரு நாள் விடியப்புறம், அக்காவுக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லாமல், கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு நீங்களே கிணற்றடியில் நின்று பொத்தானை அழுத்திப் பாருங்கள். அவருடைய போன் அடிக்கிறதா, எத்தனை நிமிடத்தில் வந்து சேருகிறார், உங்கள் வீட்டுப் படலை உட்புறமாகப் பூட்டியிருக்க அவர் எப்படி உள்ளே வருகிறார் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். மேலதிகச் சாவி ஒன்றை அக்காவின் வீட்டில் கொடுத்துவிட்டே விமானம் ஏறுங்கள்.