கொதி எண்ணெய் தவிர மற்றதைக் கேளுங்கள்: ஐரோப்பியக் கோட்டைகள், கேள்வி பதில்

11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான மேற்கு ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றிக் கேட்கலாம். கட்டுமானம், முற்றுகை, பழுதுபார்ப்பு என்றால் விரிவாகச் சொல்வேன். பேய், புதையல், விசா ஆகியவற்றுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

ரயில்பயணி: ஒரு கோட்டை கட்ட எத்தனை பேர், எவ்வளவு காலம் தேவைப்பட்டிருக்கும்?

வேல்ஸின் போமாரிஸ் கோட்டைக்கு எழுத்திலேயே சான்று இருக்கிறது. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டு 1295இல் தொடங்கிய வேலை இது. தலைமைக் கொத்தனார் ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் சவோய் நாட்டிலிருந்து வந்த செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ். 1296இல் அரசுக் கருவூலத்துக்குப் போன கடிதம் கணக்குச் சொல்கிறது: 400 கொத்தனார்கள், 2,000 சிற்றாட்கள், 200 கல்லுடைப்பவர்கள், கொல்லரும் தச்சருமாக 30 பேர். கல்லும் நிலக்கரியும் ஏற்றிவர 100 வண்டிகள், 60 பாரவண்டிகள், 30 படகுகள். வாரத்துக்கு 250 பவுண்டு வேண்டும் என்று கெஞ்சுகிறார்கள். பணம் ஸ்காட்லாந்துப் போருக்குப் போய்விட்டது. உள்வாயில் கோபுரங்கள் திட்டமிட்ட உயரத்தை எட்டவே இல்லை; இன்றும் குட்டையாகத்தான் நிற்கின்றன.

பணம் தடையில்லாமல் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே வேல்ஸின் கான்வி கோட்டை சாட்சி. 1283இல் தொடங்கி 1287இல் கோட்டையும் ஊர்மதிலும் முடிந்துவிட்டன. அதிலும் வேலை நடந்தது வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான். ஈரச் சாந்து உறைந்தால் பொடியாகிவிடும் என்பதால், குளிர்காலத்தில் பாதிச் சுவரின் தலையில் வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவைப்பார்கள்.

கல்லூரிமாணவி: மேலிருந்து கொதிக்கும் எண்ணெய் ஊற்றினார்களா?

எண்ணெய் விலை உயர்ந்த பொருள். மதில்மேல் அண்டா வைத்துக் காய்ச்சினால் முதலில் பற்றிக்கொள்வது காவலர்கள் நிற்கும் மரப்பரண். கல், வெந்நீர், சூடான மணல், சுட்ட சுண்ணாம்பு எல்லாம் மலிவு, கைக்கெட்டும் தூரத்திலும் இருந்தன. வாயிற்கூரையில் உள்ள ஓட்டைகள் கல் போட மட்டும் அல்ல, மரக்கதவுக்கு எதிரி தீ வைத்தால் தண்ணீர் ஊற்றவும்தான்.

தெற்குவீதி: சுருள்படி கடிகாரச் சுற்றில் ஏறுவது, ஏறிவரும் எதிரியின் வாள்கையைத் தடுக்கத்தானே? வழிகாட்டி அப்படித்தான் சொன்னார்.

எல்லா வழிகாட்டியும் அதைத்தான் சொல்வார். இந்த விளக்கம் பரவியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து. இடைக்கால எழுத்து எதிலும் இது இல்லை. கடிகாரச் சுற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் எதிர்ச்சுற்றுப் படிகளும் நிறைய உண்டு, வேல்ஸின் கார்னார்வன் கோட்டையிலேயே இருக்கின்றன. படி எந்தப் பக்கம் சுற்றும் என்பதை, கோபுரத்தின் எந்த மூலையில் படி இருக்கிறது, ஒவ்வொரு தளத்திலும் கதவு எங்கே திறக்க வேண்டும் என்பவையே பெரும்பாலும் தீர்மானிக்கும். எதிரி படிக்கட்டுக்கு வந்துவிட்டான் என்றால் கோட்டை ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள்.

பீரங்கிப்பித்தன்: பீரங்கி வருவதற்கு முன் இத்தனை தடித்த சுவரை எப்படி உடைத்தார்கள்?

உடைக்கவில்லை, அடியில் தோண்டினார்கள். இங்கிலாந்தின் ரோச்செஸ்டர் கோட்டை, 1215. கலகப் பிரபுக்கள் உள்ளே, ஜான் மன்னன் வெளியே. பெருங்கோபுரத்தின் சுவர் அடியில் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தடிமன்; கவண்பொறிகளால் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுரங்கம்.

முறை இதுதான். மதிலுக்கு வெளியே கூரை போட்ட கொட்டகைக்குள்ளிருந்து தோண்டத் தொடங்கி, அடித்தளத்துக்கு நேர்கீழே போய் அகலப்படுத்த வேண்டும். மண்ணை எடுக்க எடுக்க மேலே உள்ள சுவரை மரமுட்டுகள் தாங்கும். தோண்டி முடிந்ததும் சுள்ளியும் கொழுப்பும் அடைத்துத் தீ வைத்துவிட்டு ஓடிவர வேண்டும். முட்டு எரிந்ததும் சுவர் உட்காரும். 'தின்ன உதவாத, கொழுத்த 40 பன்றிகளை இரவு பகலாக அனுப்பு' என்ற பொருளில் ஜான் நவம்பர் 25 அன்று தன் அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு எழுதிய ஆணை இன்றும் கிடைக்கிறது. தெற்கு மூலை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் கோபுரத்தைக் குறுக்கே பிரிக்கும் நடுச்சுவருக்குப் பின்னால் போய் மேலும் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். நவம்பர் 30 அன்று சரணடைய வைத்தது பசி.

அந்த மூலையைப் பிறகு வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகள் சதுரம், அது மட்டும் வட்டம். சதுர மூலையில் சில கற்களைப் பெயர்த்தாலே மேல்பாரம் சரியும். வட்டத்தில் அப்படிப் பிடிக்க மூலையே கிடையாது. அடியில் பாறையோ நீர் நிறைந்த அகழியோ இருந்தால் சுரங்க வேலை பலிக்காது.

வெள்ளிக்கிழமை: எண்ணெய் ஊற்றிய ஓட்டைகளை எந்தக் கோட்டையில் பார்க்கலாம் சார்?

மேலே பாருங்கள்.

ஊர்சுற்றி: ஜெர்மனியின் நொய்ஷ்வான்ஷ்டைன் எந்தப் போரில் பயன்பட்டது?

எதிலும் இல்லை. 1869இல் அடிக்கல், கட்டியவர் பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், ஓவியம் வரைந்து கொடுத்தவர் நாடக மேடை ஓவியர் கிறிஸ்டியன் யாங்க். செங்கல் சுவர்மேல் சுண்ணாம்புக்கல் போர்த்தியது. உள்ளே வெப்பக்காற்றுச் சூடாக்கம், எல்லாத் தளத்திலும் குழாய்நீர். அழகான 19ஆம் நூற்றாண்டுக் கட்டடம். எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது: நான் பார்க்கும் கல் எந்த நூற்றாண்டில் வைத்தது?

மதில்மேல்பூனை: இங்கிலாந்தின் போடியம் கோட்டையே வெறும் பகட்டுத்தானே? அகழிக் கரையை வெட்டினால் தண்ணீர் வடிந்துவிடும். கிழக்குச் சுவரில் தேவாலயத்துக்குப் பெரிய ஜன்னல். இதையெல்லாம் கோட்டை என்கிறீர்கள்.

வாருங்கள், இதற்காகத்தான் காத்திருந்தேன். 1385இல் எட்வர்டு டாலின்ரிக் அரசரிடம் அனுமதி வாங்கிக் கட்டியது. பக்கத்து ரை துறைமுகத்தை பிரெஞ்சுக்காரர்கள் 1377இல்தான் எரித்திருந்தார்கள். கடலிலிருந்து வந்து கொள்ளையடித்து ஓடும் படைக்குக் கரையை வெட்டி, நீர் வடியக் காத்திருந்து, சேற்றைத் தாண்டும் அவகாசம் ஏது? ஜன்னல் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கீழே நேராக அகழித் தண்ணீர்.

மதில்மேல்பூனை: அப்படியானால் வாசலில் மட்டும் ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? பின்பக்கத்துக்கு யாரும் வரமாட்டார்களா?

வாசலில் அவர் செலவழித்தது உண்மையான செலவு. பழைய பாலம் நேராக வரவில்லை. மேற்குக் கரையிலிருந்து வந்து, எண்கோணத் தீவில் செங்கோணமாகத் திரும்பியது. வருகிறவனின் விலாப்பக்கம் முழுவதும் மதிலுக்குத் தெரியும். வாயிற்கோபுரத்தில் சாவித்துளை வடிவில் துப்பாக்கிப் புழைகள், கதவுக்கு முன் மேலிருந்து இறங்கும் கம்பிக்கதவு.

பீரங்கிப்பித்தன்: பூனை சொல்வதில் நியாயம் உண்டு. ஞாயில்கள் (மதில் உச்சியின் பல்வரிசை) ஆளை மறைக்கும் உயரமே இல்லை.

இருவருக்கும் சேர்த்து ஒரே பதில். 'வீடா, அரணா' என்ற கேள்வியே நம் காலத்தது. அரசரிடம் ஞாயில் வைக்க அனுமதி வாங்குவதே அன்று ஒரு கௌரவம். பிரான்சில் கூலிப்படையில் சேர்ந்து சண்டையிட்டுச் சம்பாதித்த ஒருவர், தன் தகுதியைக் காட்டவும் கொள்ளையரைத் தடுக்கவும் ஒரே சுவரைக் கட்டியதில் முரண் எதுவும் இல்லை. ஓராண்டு முற்றுகையைத் தாங்குமா என்றால் தாங்காது. அதற்காகக் கட்டவும் இல்லை. இன்னொன்று: நம் வைசிராயாக இருந்த கர்சன் பிரபு 1917இல் இதை வாங்கிப் பழுதுபார்த்தார். ஞாயிலை அளப்பதற்கு முன் அதில் எது டாலின்ரிக் வைத்த கல், எது கர்சன் வைத்த கல் என்று பிரியுங்கள்.

மதில்மேல்பூனை: ஏற்கவில்லை.

தெரியும்.

சைட்எஞ்சினியர்: பழைய மதில் மூட்டுகளில் சிமென்ட் அடைத்தால் என்ன கெடுதல்?

கல்லே போகும். இந்த மதில்கள் முழுக்கல் இல்லை. உள்ளும் புறமும் செதுக்கிய கல், நடுவில் சல்லியும் சுண்ணாம்புச் சாந்தும். உள்ளே புகும் ஈரம் மூட்டு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் கல் வழியாக வரும். பனிக்காலத்தில் உறைந்து விரியும். கல்லின் முகம் ஓடு ஓடாக உதிரும். கடைசியில் சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரியான வேலை: பழைய சாந்தை உளியால் கையாலேயே எடுக்க வேண்டும், கிரைண்டர் கூடாது, அது கல்லின் ஓரத்தைக் கடித்துவிடும். ஆழம் மூட்டின் அகலத்தைப் போல் இரண்டு மடங்காவது. தூசி தட்டி, நனைத்து, சுண்ணாம்பு 1, கூர்மணல் 3 என்று கலந்த சாந்தை அழுத்தி அடைக்க வேண்டும். கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிறுத்துங்கள், மேலே வழியவிடாதீர்கள். ஈரச் சாக்கால் சில நாள் மூடுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகும் பருவத்தில் தொடவே கூடாது.

கல்லூரிமாணவி: அகழியில் முதலை?

மீன் வளர்த்தார்கள். செக் நாட்டின் செஸ்கி க்ரும்லோவில் கரடிகள் உண்டு, அந்த அகழி வறண்டது.

வன்னிமண்: யாழ்ப்பாணக் கோட்டை இந்த வகையில் சேருமா?

சேராது. போர்த்துக்கீசர் கட்டியதை ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் திருத்திக் கட்டினார்கள். அது பீரங்கிக்குப் பிந்தைய மரபு: தாழ்ந்த, தடித்த, மண் நிரப்பிய மதில், மூலைக்கு மூலை கூர்க்கொத்தளம். 1494இல் பிரெஞ்சுப் படை பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கிய பிறகு வளர்ந்த முறை. தனியாகக் கேட்க வேண்டிய பெரிய பாடம்.

ஊர்சுற்றி: பிரான்சின் கார்க்காசோன் கோட்டையின் கூம்புக் கூரைகள் அருமை. எந்த நூற்றாண்டு?

மதிலில் ரோமர் காலக் கல்லும் உண்டு. கூரையைக் கேட்டால், 1853இல் தொடங்கிய, கட்டடக்கலைஞர் வியோலெ-ல-டுக்கின் பழுதுபார்ப்பு. கூர்ந்த கற்பலகைக் கூரை வடபிரான்சின் வழக்கம், தெற்கே ஓடுதான் என்று அப்போதே சண்டை. நான் சொன்ன முதல் கேள்வியைக் கேட்டீர்களா?

தெற்குவீதி: இடதுகைக்காரக் குடும்பம் ஒன்று படியை மாற்றிக் கட்டியதாமே?

படி பற்றிச் சொல்லிவிட்டேன்.

ரயில்பயணி: கான்வி சுவரில் வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரிகின்றன. குண்டு பட்டதா?

சாரக்குழிகள். கட்டும்போது சாரக்கட்டையின் ஒரு முனையைச் சுவரில் செருகிய இடம். வழக்கமாக அவை கிடைமட்ட வரிசையில் இருக்கும். கான்வியிலும் வேல்ஸின் ஹார்லெக் கோட்டையிலும் கோபுரத்தைச் சுற்றிச் சரிவாக ஏறும். சாரத்தையே சாய்தளமாக வளைத்துக் கட்டி அதன் வழியே கல்லை மேலேற்றினார்கள். சவோய்க் கொத்தனார்களின் பழக்கம் அது. தலைமைக் கொத்தனார் ஜேம்ஸின் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு அந்தச் சரிவும் ஒரு சான்று.