வெறுங்கைச் சண்டை: கேளுங்கள், சொல்கிறேன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் கதைவிளையாட்டின் ஐந்தாம் பதிப்பு மட்டும். 2014 புத்தகமா, 2024 புத்தகமா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கே: (2014) ஃபைட்டரின் வாள் பறிபோய்விட்டது. குத்தினால் எவ்வளவு டேமேஜ்?

ப: 1 + ஸ்ட்ரெங்த் மாடிஃபையர். ஸ்ட்ரெங்த் 16 என்றால் மாடிஃபையர் 3, ஆக 4. டைஸ் கிடையாது.

கே: (2014) அப்படியென்றால் மாங்க் (வெறுங்கையால் சண்டையிடும் துறவி) தவிர யாருக்கும் வெறுங்கையால் பிரயோஜனம் இல்லையா?

ப: குத்துவதில் இல்லை, பிடிப்பதில் இருக்கிறது. ஒரு அட்டாக்கை விட்டுக்கொடுத்து கிராப்பிள் செய்யுங்கள். நீங்கள் அத்லெடிக்ஸ் (உடல்வலுத் திறன்) உருட்ட, எதிராளி அத்லெடிக்ஸோ அக்ரோபாட்டிக்ஸோ உருட்டுவான். ஜெயித்தால் அவன் வேகம் பூஜ்யம். ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு இன்னொரு அட்டாக் மிச்சம் இருக்கிறதே, அதில் ஷவ் செய்து கீழே தள்ளுங்கள். எழுந்திருக்கப் பாதி வேகம் செலவாகும். பூஜ்யத்தில் ஏது பாதி? கிடந்தபடி அவன் அடித்தால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிச் சிறியதை எடுப்பது). பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆட்களுக்கு அட்வான்டேஜ் (பெரியதை எடுப்பது). தள்ளி நிற்கும் வில்லாளிக்கு மட்டும் டிஸ்அட்வான்டேஜ், அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2024-இல் உருட்டுப் போட்டி இல்லை. எதிராளி ஸ்ட்ரெங்த் அல்லது டெக்ஸ்டெரிட்டி சேவ் (தப்பிக்கும் உருட்டு) போடுவான். டிசி (அவன் எட்ட வேண்டிய எண்), 8 + உங்கள் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் + ப்ரொஃபிஷியன்சி (பயிற்சி போனஸ்).

கே: மாங்க் குத்துக்கு எந்த டைஸ்?

ப: எந்தப் புத்தகம்? 2014 என்றால் டி4-இல் (நான்கு முகப் பகடை) தொடங்கும், 2024 என்றால் டி6.

கே: பாலடின் (புனித வீரன்) குத்தில் டிவைன் ஸ்மைட் (கூடுதல் தெய்வீக டேமேஜ்) சேருமா?

ப: எந்தப் புத்தகம் என்று சொல்லுங்கள் ஐயா! 2014-இல் சேராது, 2024-இல் சேரும்.

கே: டிராகனைப் பிடிக்கலாமா?

ப: உங்களைவிட ஒரு சைஸ் பெரியதுவரைதான். வளர்ந்த சிவப்பு டிராகன் ஹ்யூஜ், அதாவது மனிதனைவிட இரண்டு சைஸ் பெரியது. என்லார்ஜ் மந்திரம் போட்டு நீங்கள் லார்ஜ் ஆனால் பிடிக்கலாம். பறக்கும்போது பிடித்தால் அது விழும், கூடவே நீங்களும்.

கே: மந்திரவாதியைப் பிடித்துவிட்டால் மந்திரம் போட முடியாதுதானே?

ப: தாராளமாகப் போடலாம். 2014-இல் நகர முடியாது, அவ்வளவுதான். 2024-இல், உங்களைத் தவிர வேறு யாரை அடிக்க உருட்டினாலும் டிஸ்அட்வான்டேஜும் உண்டு.

கே: கையைப் பிடித்திருக்கிறேனே!

ப: கையை என்று விதியில் எங்கே இருக்கிறது?

கே: சரி, வாயைப் பொத்தினால்? நிஜச் சண்டையில் அதைத்தானே செய்வோம்?

ப: நிஜம் நிஜம் என்றுதான் 1979-இல், பழைய பதிப்பில், குத்துக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று, அமுக்குக்கு ஒன்று என்று அட்டவணை போட்டார்கள். ஒரு குத்து விடுவதற்குள் கூட்டிக் கழித்தே சண்டை ஆறிவிடும்.

கே: நானும் வாயைப் பொத்தச் சொன்னவர் கட்சி. மிஸ்டி ஸ்டெப்புக்கு (நொடியில் இடம் மாறும் மந்திரம்) குரல் வேண்டும். பொத்தினால் தப்ப முடியாது.

ப: பொத்த விதி இருந்தால்தானே? இல்லாதவரை முப்பது அடி தள்ளிப்போய் நின்று உங்களைப் பார்த்துச் சிரிப்பான்.

கே: எங்கள் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) பொத்தலாம் என்றார்.

ப: அப்படியானால் அடுத்த வாரம் நாலு கோப்ளின் வந்து உங்கள் மந்திரவாதியின் வாயைப் பொத்தும், தயாராக இருங்கள். வாயடைப்பதுதான் குறி என்றால் சைலன்ஸ் இரண்டாம் லெவல் மந்திரம்தான். உங்கள் கிளெரிக்கை (பூசாரி) போடச் சொல்லுங்கள்.