காபி, பப்ஸ், பிரவுசிங்: கடை வைக்கப் போகும் பெங்களூர் வாசகர்களுக்கு

பிரவுசிங் சென்டரும் காபிக் கடையும் ஒன்றாக வைக்கும் யோசனை இந்த மாதம் நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில்.

கே: எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இனிமேல் கம்ப்யூட்டர் போட்டுக் கடை ஓடுமா? (அல்சூர் வாசகர்)

மணிக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைத்த காலம் முடிந்துவிட்டது. காபி டேயின் முதல் கடை 1996-ல் பிரிகேட் ரோட்டில் திறந்தபோது அங்கே காபியோடு இன்டர்நெட்டும் விற்றார்கள். இணைப்பு வீட்டுக்கு வீடு வந்த பிறகு நிலைத்தது காபிதான். ஆனால் போனில் முடியாத வேலைகள் இன்னும் நிறைய இருக்கின்றன. கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் விண்ணப்பம், மாநில நுழைவுத் தேர்வான கேசிஇடி, நீட் பதிவு, பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட், போட்டோவைக் கேட்ட அளவுக்குச் சுருக்குவது, ஸ்கேன், பிரின்ட் என்று வருவார்கள். அதற்கு நாலு மெஷின் தாராளம். பத்து மெஷின் போட்டு இடத்தை அடைக்காதீர்கள். மிச்ச இடத்தில் மேஜை போடுங்கள், காபி விற்கும்.

கே: கபே வைக்க எவ்வளவு ஆகும்? உடனே பதில் தேவை.

எந்த ஏரியா, எத்தனை சதுர அடி, ஓவன் உண்டா, வாங்கி விற்பதா என்று ஒரு விவரமும் எழுதாமல் தொகை மட்டும் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். அதோடு ஆறு மாத வாடகை, சம்பளம், கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உள் வேலைக்கும் சாமானுக்கும் ஆவதை அதன் மேல் போட்டுக் கணக்குப் பாருங்கள். விவரத்தோடு எழுதுங்கள், விவரமாகப் பதில் தருகிறேன்.

கே: கே.ஆர்.புரத்தில் கடை பிடித்து அக்ரிமென்ட் போட்டாயிற்று. ஓவன் வைக்க த்ரீ ஃபேஸ் வேண்டும் என்கிறார் எலக்ட்ரீஷியன். ஓனர் கையை விரிக்கிறார்.

கையெழுத்துப் போடும் முன் பெஸ்காமின் கரண்ட் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள் என்று எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! சாங்க்‌ஷன் லோடு (அனுமதித்த மின்சார அளவு) எவ்வளவு, கமர்ஷியல் இணைப்பா, வீட்டு இணைப்பா என்பது அந்த ஒரு தாளில் இருக்கிறது. இரண்டு ட்ரே டெக் ஓவனுக்கு ஆறேழு கிலோவாட், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் காபி இறக்கும் 'இரண்டு குரூப்' மெஷினுக்கு மூன்று நாலு, ஏசி, கம்ப்யூட்டர், பிரின்டருக்கு மூன்று என்று வைத்தால் சுமார் 13 வருகிறது. வீட்டு லைனில் இது ஓடாது. இப்போது உங்களுக்கு இரண்டே வழி. லோடு கூட்டும் செலவில் பாதியை வாடகையில் கழித்துக்கொள்வதாக ஓனரிடம் எழுத்தில் வாங்குங்கள். இல்லையென்றால் ஓவனை விட்டுவிட்டு வாங்கி விற்கும் கடையாக ஆரம்பியுங்கள். அக்ரிமென்ட் 11 மாதம்தான் என்றால் உள் வேலையில் பெரிய பணம் போடவே போடாதீர்கள். குறைந்தது மூன்று வருடத்துக்குப் பதிவு செய்த லீஸ் வேண்டும்.

கே: பப்ஸ், பன் நாங்களே சுடலாமா? பக்கத்திலேயே ஐயங்கார் பேக்கரி இருக்கிறது.

முதல் வருடம் வாங்கி விற்பதே நல்லது. காராபன், தில்பசந்த், பெண்ணெ பிஸ்கெட்டில் ஐயங்கார் பேக்கரியோடு மோதி ஜெயிக்க முடியாது. அவர்கள் சரக்கு சூடு ஆறுவதற்குள் விற்றுவிடும். நல்ல ஹோல்சேல் பேக்கரியாகப் பார்த்து, காலையில் ஒரு முறை, மூன்று மணிக்கு ஒரு முறை சரக்கு வரும்படி பேசுங்கள். விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதையும் அப்போதே பேசுங்கள். பப்ஸைச் சூடாக வைக்கும் ஹாட் கேஸ் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. வெதுவெதுப்பாகக் கிடக்கும் முட்டை பப்ஸ் ஆபத்து. சுட்டே தீருவேன் என்கிறவர்கள் ஹெப்பாளில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பேக்கரிப் பயிற்சிப் பிரிவில் படித்துவிட்டு வாருங்கள்.

கே: வாடிக்கையாளர்களின் ஆதார், மார்க்ஸ்கார்டு எல்லாம் சிஸ்டத்திலேயே சேமித்து வைத்தால் அடுத்த முறை வரும்போது வேலை சீக்கிரம் முடியுமே? (ஸ்ரீராம்புரம் வாசகி)

வேண்டாம் அம்மா. உங்கள் எண்ணம் நல்லதுதான், ஆனால் இந்தப் பழக்கத்தைப் போல என்னை வருத்துவது வேறில்லை.

எந்த பிரவுசிங் சென்டரிலும் போய் உட்காருங்கள். டெஸ்க்டாப் முழுக்க ஃபைல் இருக்கும். 'ஆதார் புதுசு', 'மார்க்ஸ்கார்டு ஃபைனல்', 'பாஸ்புக் அம்மா'. அடுத்து உட்காருகிறவர் திறந்து பார்க்கலாம், பென்டிரைவில் எடுத்துக்கொண்டும் போகலாம். பேனாவைச் சரியாகப் பிடிக்கத் தெரியாத ஒரு பாட்டி விதவை உதவித்தொகைக்காக உங்களை நம்பிக் கொடுத்த தாள் அது. அவர் பேரில் யாராவது சிம் வாங்கினால் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறப் போவது அவர்தான்.

2022 மே மாதத்தில் ஆதார் ஆணையத்தின் பெங்களூர் மண்டல அலுவலகமே ஓர் அறிவிப்பு விட்டது. பிரவுசிங் சென்டரில் ஆதாரைத் தரவிறக்காதீர்கள், இறக்கினால் எல்லா நகலையும் அழித்துவிடுங்கள் என்றது. இரண்டு நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு போனாலும் ஆபத்து போகவில்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படியும், எந்த வேலைக்காக வாங்கினோமோ அது முடிந்த பிறகு தரவை வைத்திருப்பது தவறு.

சைபர் கபே விதிகள் நகல் வைக்கச் சொல்கின்றனவே என்று கேட்பீர்கள். 2011 விதிகள் கேட்பது மெஷினில் உட்காருகிறவருடைய அடையாள அட்டை நகல் ஒன்றும், வந்துபோனவர் விவரம் எழுதும் லாக் ரிஜிஸ்டரும், ஒரு வருடத்துக்கு. அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஓட்டர் ஐடி, லைசென்ஸ், பான், மாணவர் அடையாள அட்டை எதுவும் சரி. அதைப் பூட்டிய அலமாரியில் வையுங்கள். மார்க்ஸ்கார்டையும் பாஸ்புக்கையும் எந்த விதியும் கேட்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். மெஷினை அணைத்துப் போட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு மென்பொருள் போடுங்கள். கடை வாட்ஸ்அப்புக்குத்தான் எல்லாரும் பிடிஎஃப் அனுப்புவார்கள். அதில் மறையும் செய்திகளை 24 மணி நேரத்துக்கு வைத்து, தானாக டவுன்லோடு ஆவதை நிறுத்துங்கள். பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஹார்ட் டிஸ்க் உண்டு. விற்கும் முன் அதை அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம், தப்பாக வந்த பிரின்ட். ஒரு கடையில் பப்ஸுக்கு அடியில் வைத்துத் தந்த தாளைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய பான் விண்ணப்பம், போட்டோவும் கையெழுத்துமாக, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. அச்சு மை உணவில் படவும் கூடாது, அந்தத் தாள் கடையை விட்டு வெளியே போகவும் கூடாது. 3,000 ரூபாய்க்குள் ஒரு ஷ்ரெட்டர் கிடைக்கும். காபி டம்ளர் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

கே: எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கலாம். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, எட்டாம் தலைமுறைக்கும் பழைய மெஷின்களை விண்டோஸ் 11 ஏற்காது. பில் இல்லாமல் வாங்காதீர்கள். தடுப்புப் பலகை நாலரை அடிக்கு மேல் போகக் கூடாது, தடுப்பு இல்லாத இடங்களில் திரை கடையின் பொது இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். இதுவும் 2011 விதிதான்.

கே: ஒரு காபி வாங்கிவிட்டு லேப்டாப்போடு நாலு மணி நேரம் உட்காருகிறார்கள். எப்படி எழுப்புவது?

எழுப்பாதீர்கள். பில்லோடு இரண்டு மணி நேர வைஃபை வவுச்சர் கொடுங்கள், மொபைல் ஓடிபி போட்டுத்தான் உள்ளே போக முடிய வேண்டும். நேரம் முடிந்தால் அவரே இன்னொரு காபி சொல்வார். பிளக் பாயின்டை எல்லா மேஜைக்கும் வைக்காமல் சுவர் ஓரத்துக்கு மட்டும் வையுங்கள். வீட்டு பிராட்பேண்டை வாங்கி மறுபடி விற்பது கூடாது. பொது வைஃபைக்கான மத்திய அரசின் பிஎம்-வாணி திட்டத்தில் சேர்ந்தால் தனி லைசென்ஸ் இல்லாமலே விற்கலாம்.

கே: ஃபில்டர் காபியா, மெஷின் காபியா? லாபம் எதில்?

ஆரம்பத்தில் ஃபில்டர் காபி. ஒரு லிட்டர் பாலில் பத்துப் பன்னிரண்டு காபி வரும். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 13, 14 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தர்ஷினி ஓட்டல் விலைக்கு நின்றபடி குடிக்க விற்றால் வாடகை கட்டாது. உட்கார இடம் தருகிறீர்கள், 30 ரூபாய்க்குக் குறையாமல் வையுங்கள். சிக்கரி 49 சதவீதம் வரை சட்டப்படி கலக்கலாம், ஆனால் 20-க்கு மேல் போனால் குடிக்கிறவர் நாக்கு கண்டுபிடித்துவிடும். நாம் குடிக்கும் இந்தியக் காபியில் பத்தில் ஏழு பங்கு சிக்கமகளூர், குடகு, ஹாசன் பக்கம் விளைவது. அது விளையும் மாநிலத்திலேயே இருந்துகொண்டு காலை டிகாக்‌ஷனை மாலை வரை ஓட்டாதீர்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை புதிதாக இறக்குங்கள். காபி போர்டு நடத்தும் காபி சாஸ்திரா பயிற்சிக்கு ஒருவரையாவது அனுப்புங்கள்.

கே: சின்னக் கடைக்கு ஜிஎஸ்டி எதற்கு?

2025 ஜூலையில் யுபிஐ வரவை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை பேக்கரி, டீக்கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் அனுப்பியது மறந்துவிட்டதா? பொருள் மட்டும் விற்றால் 40 லட்சம், சேவையும் சேர்ந்தால் 20 லட்சம் வரம்பு. உங்கள் கடையில் காபியும் பிரின்டும் சேவையில் வரும், ஆகவே 20 என்றே எண்ணிக்கொள்ளுங்கள். காபிக்கு 5 சதவீதம், பிரவுசிங்குக்கு 18. பில்லிங்கில் முதல் நாளிலிருந்தே தனித்தனியாகப் பிரியுங்கள். சொந்த யுபிஐயையும் கடை யுபிஐயையும் கலக்காதீர்கள்.

கே: பசங்களுக்குப் பணம் கட்டி ஆடும் கேம் போடலாமா?

கூடாது. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது.

கே: போர்டு தமிழில் பெரிதாக வைக்க ஆசை.

வையுங்கள், ஆனால் 60 சதவீதம் கன்னடம், அதுவும் மேல் பாதியில். டிரேட் லைசென்ஸுக்காகக் கடையைப் பார்க்க வருகிற அதிகாரி முதலில் பார்ப்பதே அதைத்தான்.

கே: ஆரம்பத்தில் வீட்டு சிலிண்டரை வைத்துச் சமாளிக்கலாமா? (மர்ஃபி டவுன், விவேக் நகர், இன்னும் மூவர்)

முடியாது. கடைக்கு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர்தான். அதை வெளியே காற்றோட்டமாக வைக்க இடம் இருக்கிறதா என்பதையும், பெஸ்காம் பில்லைப் போலவே, கையெழுத்துப் போடும் முன் பாருங்கள்.