கை எங்கே கெடுகிறது?

அன்புள்ள ஐயா,

என் மகன் 12 ஆண்டுகளாக மிருதங்கம் கற்றவன். டொரோண்டோவில் ஓர் இசைப்பள்ளி அவனை ஆசிரியராக அழைக்கிறது. வெளிநாடு போனால் கச்சேரிக் கை கெட்டுவிடும் என்கிறார்கள் உறவினர்கள். அந்தக் குளிரைத் தோல் வாத்தியம் தாங்குமா என்பது என் கவலை. அனுப்பலாமா?

க., தண்டையார்பேட்டை

அன்புள்ள க.,

குளிரை விடுங்கள், தோலை இழுத்துக் கட்டும் வாருக்குப் பதில் போல்ட்டு முறுக்கும் மிருதங்கங்கள் வந்துவிட்டன, அவன் சமாளித்துக்கொள்வான். உங்கள் உறவினர்களின் பேச்சைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்க, வித்வான்கள் தேடி வந்து கேட்டது நம் வடசென்னையின் ஜார்ஜ் டவுனில்தான். கச்சேரிகள் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் போய்ச் சேர்ந்தபோது வடசென்னையில் யார் அழுதார்கள்?

என் சிறுவயதில் எங்கள் வண்ணாரப்பேட்டைத் தெருவில் ஒரு மிருதங்க வித்வான் இருந்தார். மடியில் வாத்தியத்தை வைத்துக்கொண்டு பஸ்ஸில் மயிலாப்பூர் போய் வாசித்து வந்தவர், அழைப்புகள் நின்ற பிறகு வீட்டுத் திண்ணையில் பாடம் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வாசிப்பை முடித்துவைக்கும் கோர்வையின் கணக்கில் கடைசிவரை ஒரு அட்சரம், ஒரு தாள எண்ணிக்கைகூடப் பிசகவில்லை. ஆனால் பக்கத்தில் பாட ஆளில்லாமல் அந்தக் கை கல்லாய் இறுகிப்போயிற்று. அவர் சென்னையைத் தாண்டியதே இல்லை.

தனம்மாளின் பேரன் டி. ரங்கநாதன் 1963இல் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு மிருதங்கம் கற்பிக்கப் போனார். பின்னாளில் அவர் தம்பி, புல்லாங்குழல் விஸ்வநாதனும் அங்கே ஆசிரியரானார். ரங்கநாதனைப் போலவே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவரான திருச்சி சங்கரன் 1971இல் சேர்ந்தது, உங்கள் மகன் போகவிருக்கும் அதே டொரோண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில். அங்கே அவரோடு சேர்ந்து இந்திய இசைப் பாடத்தைத் தொடங்கியவர், நம் ரசிகர்கள் பாகவதர் என்றே அழைத்த பாடகர் ஜான் ஹிக்கின்ஸ். பாட்டு நின்று மிருதங்கம் மட்டும் பேசும் தனி ஆவர்த்தனம் ஒன்றைச் சங்கரன் வாசிக்கக் கேட்டுவிட்டு, கை கெட்டுவிடும் என்று உங்கள் உறவினர்கள் மறுபடி சொல்லட்டும்.

மும்முறை வாசித்து முடிக்கும் மோராவையும் கோர்வையையும் எந்த ஊரிலும் கற்பிக்கலாம், திரை வழியாகக்கூட. சரணத்தில் குரல் தாழும்போது தொப்பியை, அதாவது இடப்பக்கத் தோலை, எவ்வளவு அடக்குவது, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி விரியும்போது எந்த இடத்தில் வாசிக்காமலே இருப்பது என்பதெல்லாம் பாடுகிறவர் எதிரே இருந்தால் மட்டுமே கையில் நிற்கும். சம்பளம், விசா, தங்குமிடம் எல்லாவற்றையும் விசாரித்திருப்பீர்கள். அந்த ஊரில் வாராவாரம் யாருடைய பாட்டுக்கு வாசிக்கப் போகிறாய் என்று பையனிடம் கேட்டீர்களா? முதலில் அதைக் கேளுங்கள். அவன் ஒரு பெயரும் சொல்லவில்லையென்றால், பயணச்சீட்டு வாங்குமுன் அந்தப் பள்ளியிடமே கேட்கச் சொல்லுங்கள்.