'சின்ன கோர்ஸ் போதும் மிஸ்'

அன்புள்ள எழுத்தாளருக்கு,
நான் பள்ளி ஆசிரியை. எப்போதும் முதல் இரண்டு இடத்துக்குள் வரும் ஒரு மாணவியிடம் மேலே என்ன படிக்கப்போகிறாய் என்றால், "சின்ன கோர்ஸ் போதும் மிஸ், சீக்கிரம் வேலைக்குப் போகணும்" என்கிறாள். அவளைவிட ரொம்பக் குறைவாக மார்க் வாங்கும் வசதியான வீட்டுப் பையன், டாக்டராவேன் என்று தயங்காமல் சொல்கிறான். ஏழைப் பிள்ளைகளின் ஆசை ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது?
ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

அவள் ஆசை சின்னது என்று தயவுசெய்து முடிவுகட்டிவிடாதீர்கள். என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டீர்கள், எது நடக்கும் என்று நம்புகிறாளோ அதைச் சொன்னாள். என்ன படிக்க ஆசை என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், வேறு பதில் வரலாம்.

வீட்டு நிலைமை மார்க்கைப் பாதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே மார்க் வாங்கிய இரண்டு பிள்ளைகள்கூட வீட்டைப் பொறுத்து வேறுவேறு முடிவெடுக்கிறார்கள் என்பதை பிரெஞ்சு சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1970களிலேயே தனியாகப் பிரித்துக் காட்டினார். அந்தப் பையனுக்கு ஒரு வருஷம் வீணானால் அடுத்த வருஷம் இருக்கிறது, வழி சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இவள் ஒருமுறை சறுக்கினால் வாங்கிய கடன் அப்படியே நிற்கும், அதற்குள் வந்திருக்க வேண்டிய சம்பளமும் போயிருக்கும், தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் படிப்பும் சேர்ந்து ஆட்டம் காணும். இவ்வளவையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துவிட்டுத்தான் அந்தப் பெண் 'போதும்' என்கிறாள். அவளிடம் போய் பெரிதாகக் கனவு காண் என்றால், தப்பு அவளுடையது என்றுதான் காதில் விழும்.

அமெரிக்காவில் மிஷிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, இடம் கிடைத்தால் நான்கு வருஷமும் கல்விக் கட்டணம் கிடையாது என்று முன்கூட்டியே உறுதி சொல்லிக் கடிதம் போட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த உதவி எப்படியும் கிடைத்திருக்கும், விண்ணப்பிக்கும்போது அது நிச்சயமாகத் தெரியாது, அவ்வளவுதான். கடிதம் வராதவர்களில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள், வந்தவர்களில் 68 சதவீதம். அங்கே சேர்ந்தவர்கள் 12 சதவீதத்திலிருந்து 27 ஆனார்கள். ஒரு கடிதம் யாருக்கும் ஆசையை ஊட்டிவிடாது டீச்சர், அது முன்பே அந்தப் பிள்ளைகளிடம் இருந்திருக்க வேண்டும்.

அதனால் அவளோடும் அவள் அம்மா அப்பாவோடும் ஒருநாள் உட்காருங்கள். கட்டணம் எவ்வளவு, உதவித்தொகை எவ்வளவு, விடுதிக்கு என்ன ஆகும், கையிலிருந்து கடைசியில் எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்புறம் விண்ணப்பத்தையும் கூடவே இருந்து நிரப்பிவிடுங்கள், கடைசித் தேதி வரை விட வேண்டாம்.